அஸ்ரியா டீச்சரின் செருப்புத் துண்டுகள்

பதியுதீனுக்குப் பின்னக் கணக்குத் தெரியாது என்பது இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று பதியுதீன். மற்றது அவனுடைய மனைவி அஸ்ரியா. அஸ்ரியாவோ கல்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவள்.

ஏழாம் ஆண்டில் படிக்கும்போது நடந்தது அது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று மாஸ்டர் கரும்பலகையில் எழுதி, பதியுதீனை எழுப்பிச் சோக்குக் கட்டியைக் கையில் கொடுத்தார். அவன் மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி மேலே இரண்டு போட்டான். கீழே இருந்த இரண்டையும் மூன்றையும் கூட்டிக் கீழே ஐந்து போட்டான். அதைவிட ஒழுங்காக ஒரு கணக்கைச் செய்ய முடியாது என்றுதான் அவனுக்குப் பட்டது. மாஸ்டர் சிரித்தார். அவர் சிரிக்கவும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவனை வாங்குப் பலகையின் மேல் ஏற்றிவிட்டு இடைவேளை மணி அடிக்கும் வரை இறங்க விடவில்லை. கொஞ்ச நாளில் வாப்பாவோடு பாலாவி உப்பளத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கிருந்து லொறிக் கிளீனர், பிறகு டிரைவர். அரை லோட், கால் டாங்கி டீசல் என்றெல்லாம் வாயால் சொல்வான், கையால் செய்வான். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் மட்டும் காது சூடாகிவிடும்.

கலியாணமாகி வந்த புதிதிலேயே அஸ்ரியா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரும் எடுக்க விரும்பாத வகுப்பை அவளாகவே கேட்டு வாங்கினாள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை ஆறு, ஏழு, எட்டாம் ஆண்டுகளிலிருந்து பிரித்தெடுத்துப் போட்ட வகுப்பு அது. கடற்கரை மீன்வாடிக்கு மாசிக் கருவாடு காயவைக்கப் போய்ப் பாதி நாள் வராத பிள்ளைகள், வீட்டில் தம்பி தங்கச்சிகளைப் பார்க்கிற பிள்ளைகள், எட்டு நான்கைவிடப் பெரிது, ஆனபடியால் எட்டில் ஒன்றும் நாலில் ஒன்றைவிடப் பெரிது என்று சத்தியம் பண்ணுகிற பிள்ளைகள்.

"மூளையில்லாத புள்ள எண்டு ஒண்டு இல்ல," என்பாள் வீட்டுக்கு வந்து. "அதுகள் பின்னத்தக் கண்டதே இல்ல. காணாத ஒண்ட எப்படி நம்புற?"

காட்டுவதற்கு அவள் கண்டுபிடித்த பொருள் செருப்பு. கடல் எங்கெங்கிருந்தோ பழைய றப்பர் செருப்புகளைக் கொண்டுவந்து கரையில் போடும். நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எல்லா நிறத்திலும் கிடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு இருவரும் உரப் பையோடு கடற்கரைக்குப் போவார்கள். அவள் பொறுக்குவாள், அவன் தூக்குவான். வீட்டில் கழுவிக் காயவைத்து, அவள் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட, அவன் மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டி வெட்டுவான். சாம்பல் நிறத்தில் ஒரு முழு நீளத் துண்டு. அதே நீளத்துக்கு நீலத்தில் இரண்டு, மஞ்சளில் மூன்று, சிவப்பில் நான்கு, பச்சையில் ஆறு, வெள்ளையில் எட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டு. வகுப்புக்கே போதுமான அளவு அவன் கையால்தான் வெட்டினான். ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுவான். எதற்கு மஞ்சளில் மூன்று, எதற்குப் பச்சையில் ஆறு என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"வாங்களே, பத்து நிமிஷம். நான் காட்டித் தாறன்," என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"லொறி ஓட்ட இது என்னத்துக்கு?"

அவள் வற்புறுத்தவில்லை. "சரி, உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்ப எனக்குச் செல்லுங்க," என்றாள். மனசு வரவில்லை. மகள் நஸ்ஹா கணக்குப் புத்தகத்தோடு வந்தால் உம்மாவிடம் கேள் என்பான். நஸ்ஹா உம்மாவைப் போலவே கணக்கில் கெட்டிக்காரி. வாப்பாவுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அஸ்ரியா விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்பில், ஒரு பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும்போது. பதியுதீன் அப்போது தம்புள்ளையில் உப்பு இறக்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட அதிபர் போன் எடுத்து, "டீச்சருக்குக் கொஞ்சம் சுகமில்ல, நீங்க புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றார். கொஞ்சம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் அவ்வளவு தூரமும் ஓட்டி வந்தான். வழியில் எங்கு நிறுத்தினான், எங்கு நிறுத்தவில்லை என்று பிறகு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாரிசவாதம் என்றார்கள். வலது கையும் காலும் இழுத்துவிட்டன. வாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பேச்சு முழுதாகப் போய், ஒரேயொரு சொல் மிஞ்சியிருந்தது. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி. வலித்தாலும் சரி. நஸ்ஹா கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவளைப் பார்த்துச் சொன்னதும் சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பொழுது சாயும் ஒரு மஃரிப் நேரம். நஸ்ஹா பக்கத்தில் இருந்து சூரா ஒன்றை ஓதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வசனத்தில் அஸ்ரியாவின் குரல் சேர்ந்தது. தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. சின்ன வயதில் மதுரசாவில் ஓதிய அதே இராகத்தில் கடைசிவரை ஓதி முடித்தாள். பதியுதீன் முற்றத்திலிருந்து ஓடி வந்தான். நஸ்ஹா கத்தினாள்.

"உம்மா! உம்மா, கதைக்கிறீங்க! இன்னும் கதைங்க! உம்மா, என்ட பேரென்ன?"

அஸ்ரியா மகளை உற்றுப் பார்த்தாள். உதடு துடித்தது. "சரி," என்றாள். "சரி... சரி..."

நஸ்ஹா குர்ஆனை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் ஒரு சிங்களப் பிள்ளை. உடைந்த தமிழில் அன்பாகப் பேசுவாள். இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். அஸ்ரியா அந்த விரல்களை ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளை பதியுதீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்: மூளையில் அடிபட்ட இடம் பேச்சோடு எண்ணும் இருக்கிற இடம். பேச்சு மெல்ல மெல்ல வரும். எண் வரலாம், வராமலும் போகலாம். அவருக்கு நன்றாகப் பழக்கமான பொருட்களை வைத்து வீட்டில் ஏதாவது செய்து பாருங்கள்.

பழக்கமான பொருள் என்றதும் அவனுக்கு நினைவுக்கு வந்தது ஒன்றுதான். அலுமாரிக்கு மேல் அவளுடைய சொந்தக் கட்டு ஒன்று இருந்தது.

முதலில் நஸ்ஹாதான் இருந்தாள். பாயை விரித்து, துண்டுகளைப் பரப்பி, "உம்மா, அரை எது?" என்று கேட்டாள். அஸ்ரியா சிரித்தபடி இடக்கையால் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். எட்டில் ஒன்று. நஸ்ஹா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். பதியுதீன் பின்னால் போனான்.

"எனக்கு ஏலா வாப்பா. உம்மாட மொகத்தப் பாக்க ஏலா. நீங்க செய்ங்க."

தனக்கே தெரியாது என்று அந்த நேரத்தில் மகளிடம் எப்படிச் சொல்வது? "சரி, நான் செய்றன். நீ உன்ட பாடத்தப் படி," என்றான்.

நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டுப் பாலாவிக்குள்ளேயே ஓடுகிற வேலையை எடுத்துக்கொண்டான். பின்னேரம் அஸருக்கு வீடு வந்து, தொழுது, தேத்தண்ணி குடித்து, அவள் பக்கத்தில் பாயில் உட்காருவான். படிப்பிப்பதற்கு முன்னால் தான் படிக்க வேண்டியிருந்தது. சாம்பல் துண்டை வைத்து அதற்குக் கீழே இரண்டு நீலத்தை அடுக்கினான். சரியாகப் பொருந்தியது. அது தெரிந்ததுதான், வெட்டியது அவன். ஒரு நீலத்துக்குக் கீழே சிவப்பு இரண்டு, அதற்குக் கீழே வெள்ளை நான்கு. அரை என்பதும் நாலில் இரண்டு என்பதும் எட்டில் நாலு என்பதும் ஒரே நீளம். கடதாசியில் வேறு வேறாக எழுதுகிறார்கள், பொருள் ஒன்றுதான். இதற்குத்தானா அந்த மாஸ்டர் அப்படிச் சிரித்தார் என்று நினைத்தான்.

அஸ்ரியா இடக்கையால் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவாள். பச்சை ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. நீண்டது எது, குட்டை எது என்று கேட்டால் சரியாகத் தொட்டுக் காட்டுவாள். அரை எது, மூன்றில் ஒன்று எது என்று பெயர் சொல்லிக் கேட்டால் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

ஒரு நாள் அவன் நீலத்தில் ஒன்றையும் மஞ்சளில் ஒன்றையும் நுனியோடு நுனி முட்டவைத்தான். அந்தப் பழைய கணக்கு. சும்மா வைத்துப் பார்த்தான். சாம்பலைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. இதன் பெயர் என்ன? கீழே சிவப்பை அடுக்கினான், பொருந்தவில்லை. வெள்ளையும் பொருந்தவில்லை. பச்சையை அடுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. நீலம் முடிந்தது. நான்கு, ஐந்து. மஞ்சள் முடிந்தது. ஒரு இம்மிகூட மிச்சமில்லை.

ஆறில் ஐந்து.

பதியுதீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தில் இரண்டு என்று எழுதினானே, அது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை? நீலத்தைப் பச்சையாக மாற்று, மஞ்சளையும் பச்சையாக மாற்று, பிறகு எண்ணு. இவ்வளவுதானா?

"அஸ்ரியா!" அவன் குரல் எழும்பிவிட்டது. "இங்க பாரு! அஞ்சு பச்ச! அரையும் மூண்டில் ஒண்டும் சேந்தா அஞ்சு பச்ச! எனக்கு வெளங்கிட்டு புள்ள, எனக்கு வெளங்கிட்டு!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்க்கவில்லை. அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது. அவளும் சிரித்தாள்.

"சரி," என்றாள்.

பாயைச் சுருட்டாமல் அவன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். வாளி வாளியாக அள்ளி முகத்தில் ஊற்றினான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தாள். பத்து நிமிஷம் கேட்டாள். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் இந்த ஐந்து பச்சையையும் அவள் வாயால் கேட்டிருக்கலாம். அவள் எவ்வளவு துள்ளியிருப்பாள்! ஒரு பிள்ளைக்கு விளங்கிவிட்டால் வீட்டுக்கு வந்து சோற்றைப் போட மறந்து அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறவள். இப்போது அவனுக்கு விளங்கிவிட்டது, அதைச் சொல்ல ஆளில்லை.

பேச்சு மெல்ல மெல்ல வந்தது. பெயர்கள் வந்தன. நஸ்ஹாவின் பெயர் வந்த அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்தார்கள். நோன்பு வந்து போவதற்குள் சின்னச் சின்ன வசனமாகப் பேசினாள். ஊன்றுகோலோடு முற்றம்வரை நடந்தாள். எண் மட்டும் வரவில்லை. போன் நம்பர் இல்லை, மணி பார்க்க இல்லை, எத்தனை இடியப்பம் வேண்டும் என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவாள்.

பதியுதீன் விடவில்லை. தனக்கு விளங்கியது அவளுக்கு எப்படி விளங்காமல் போகும்? அது அவளுடையதுதானே? ஒரு நாள் தவறாமல் பாயை விரித்தான். "இன்னொருக்காப் பாரு. அவசரமில்ல. இது முழுசு. இது அரை. இப்ப செல்லு, இது என்ன?" அவள் சொல்லாவிட்டால் மறுபடி. பிழையாகச் சொன்னால் மறுபடி. அஸர் பாங்கு சொன்னதும் அவள் பேச்சைக் குறைத்துக்கொள்வதை அவன் கவனித்தான். பாடத்துக்கு மனதைத் தயார் பண்ணுகிறாள் என்று நினைத்தான்.

தவணை விடுமுறையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். மாம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, வரிசையாக ஸலாம் சொல்லி, கதிரையில் உட்காராமல் நிலத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அஸ்ரியாவின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பெயராகத் தேடிப் பிடித்துச் சொன்னாள். சொல்ல முடியாத பெயருக்குக் கன்னத்தைத் தட்டினாள்.

பதியுதீன் பிளேன்டீயோடு வந்தபோது அப்ரா என்ற பிள்ளை பாயில் கிடந்த துண்டுகளைக் கண்டுவிட்டிருந்தாள். ஒரு காலத்தில் எட்டில் ஒன்றுதான் பெரிது என்று சத்தியம் பண்ணியவள் அவள். மூன்று மாதம் அஸ்ரியா அவளோடுதான் மல்லுக்கட்டினாள். வகுப்பில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. டீச்சர் கேட்பார், பிள்ளை சொல்லும். பிறகு பிள்ளை கேட்கும், டீச்சர் சொல்வார், சில வேளை வேண்டுமென்றே பிழையாகச் சொல்வார், பிள்ளை பிடிக்க வேண்டும். பிழையைச் சரி என்று சொல்வதுதான் அந்த வகுப்பில் பெரிய குற்றம். யார் சொன்னாலும், டீச்சரே சொன்னாலும், பிழை என்றால் பிழை என்று எழும்பிச் சொல்ல வேண்டும்.

அப்ரா ஆசையில் கேட்டுவிட்டாள். "டீச்சர், எது பெரிசு? அரையா, மூண்டில் ஒண்டா?"

அஸ்ரியா யோசித்தாள். நெற்றியில் வியர்த்தது. பதியுதீன் மனதுக்குள் அரை, அரை, நீலம் என்று சொல்லிக்கொண்டு கதவடியில் நின்றான்.

"மூண்டு," என்றாள் அஸ்ரியா. "மூண்டு... பெரிசு."

ஒரு பையன் வாயைத் திறந்தான். அப்ரா அவன் தொடையைக் கிள்ளினாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்து, கண் கலங்க, "சரி டீச்சர்," என்றாள்.

மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "சரி டீச்சர்." "சரி."

எண் போயிருந்தது, ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் படிக்கிற கண் அஸ்ரியாவிடம் அப்படியே இருந்தது. அவள் அப்ராவையே பார்த்தாள். அப்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அஸ்ரியா இடக்கையால் அவள் தலையைத் தடவினாள்.

பிள்ளைகள் வாசல் படலையைத் தாண்டியதும் அவள் கூப்பிட்டாள். "நஸ்ஹாட வாப்பா."

"ஓம்."

"இத எடுங்க. வீட்ட விட்டு எடுங்க."

"அதுகள் சின்னப் புள்ளைகள் அஸ்ரியா, அதுகள் கேட்டதுக்கு..."

"நீங்களும்." அவள் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "ஒவ்வொரு நாளும். பாய்... விரிக்கிற. எனக்குத் தெரியாது எண்டு... ஒவ்வொரு நாளும்... எனக்குக் காட்டுற."

"நான் உனக்கு வரவேணும் எண்டுதான்..."

"வராது." அவள் குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தெரிஞ்சிருந்த. அது தெரியும். என்ன தெரிஞ்சிருந்த எண்டுதான்... தெரியாது. நீங்க தேடுற டீச்சர்... இங்க இல்ல. நான்தான் ஈக்கிறன். நான் போதாதா?"

பதியுதீன் அவள் காலடியில் உட்கார்ந்தான். இத்தனை மாதமும் தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏழாம் ஆண்டில் ஒரு நாள் வாங்கில் நின்றதை அவன் ஆயுள் முழுக்கத் தாங்கமாட்டாமல் சுமந்தான். அவளை ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு ஏற்றி நிறுத்தியிருக்கிறான்.

"போதும் புள்ள," என்றான். "நீ போதும். மாப்புச் செய்." துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டினான்.

அவளுக்குச் சுகாதாரக் காரணத்தால் வேலையிலிருந்து ஓய்வு என்று வைத்தியசபை எழுதிக் கொடுத்த வாரத்தில் அவன் அந்தக் கட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். அந்த வகுப்புக்கு ஜெயந்தன் என்று ஓர் இளம் ஆசிரியர் வந்திருந்தார். தலவிலைப் பக்கத்து ஆள், நல்ல பிள்ளை. பழைய கட்டுகளையும் அலுமாரிக்குள் கவனமாக வைத்திருந்தார்.

"இது டீச்சரிட சொந்தக் கட்டு, சேர். வீட்டில சும்மா கிடக்கு."

"டீச்சருக்கு வேணாமா, அண்ணன்?"

"இல்ல."

ஜன்னலடியில் ஒரு பிள்ளை நீலத்தையும் மஞ்சளையும் முட்டவைத்துவிட்டு கீழே அடுக்கச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பதியுதீன் குனிந்து, "பச்சையப் போட்டுப் பாரு மகள்," என்றான்.

ஆசிரியர் நிமிர்ந்தார். "உங்களுக்கும் இது தெரியுமா?"

"என்ட மனிசி படிப்பிச்ச," என்றான். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அஸ்ரியா முற்றத்தில் கதிரை போட்டிருந்தாள். மடியில் கழுவிக் காய்ந்த துணிகள். ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்தாச்சா?"

"ஓம். நல்ல சேர். கவனமா வெச்சிருக்கிற."

"புள்ளைகள் வந்தா? வகுப்புக்கு?"

"வந்த."

"எத்தின புள்ளைகள்?"

"பதினேழு," என்றான் அவன், யோசிக்காமல்.

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலிருந்து நழுவியது.

"அது கூடவா?" என்று கேட்டாள். "கொறயவா?"

பதியுதீன் சட்டையை எடுத்துத் தூசி தட்டி அவள் மடியில் வைத்தான்.

"கூட," என்றான். "நல்லாக் கூட."

அவள் தலையாட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். அவன் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, உணர்வில்லாத அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். அஸர் பாங்கு சொல்லி முடிந்தும் இருவரும் எழும்பவில்லை.